வைத்தியசாலை தவறு செய்தால்...



உம்மாவுக்குச் சீனி வருத்தம், பிள்ளைக்குக் காய்ச்சல், மகளுக்குப் பிரசவம் என்று வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால் வீட்டிலிருந்து முதலில் புறப்படுகிறவள் பெண்தான். பிளாஸ்கையும் பாயையும் எடுத்துக்கொண்டு போய் வாட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவளும் அவள்தான். ஆகவே அங்கே ஒரு பிழை நடந்தால் அதை முதலில் காண்பவர் நீங்கள். அதைக் கேட்பதா, பேசாமல் விடுவதா என்று தடுமாறுபவரும் நீங்கள்தான். இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

எங்கள் கரையோரத்தில் வைத்தியசாலைகளுக்குக் குறைவில்லை. கல்முனையில் மட்டும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என்று இரண்டு உண்டு. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தெற்கே போகப் போக இன்னும் உண்டு. காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் இந்த இடங்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. ஆனாலும் மனிதர் வேலை செய்யும் இடத்தில் தவறு நடக்காமல் இராது. உலகம் முழுவதிலும் வைத்தியம் பெறப் போகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அந்த வைத்தியத்தாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது என்றும், அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடியது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. பணக்கார நாடுகளின் பெரிய வைத்தியசாலைகளும் இதற்கு விலக்கல்ல.

அப்படியானால், தவறு நடந்த பிறகு வைத்தியசாலை என்ன செய்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும் அல்லவா? மூடி மறைக்கிறதா, அல்லது முன்வந்து திருத்துகிறதா? ஒரு வைத்தியசாலையின் நேர்மை அங்கேதான் தெரியவரும்.

சிறு பிழையும் பெரும் பிழையும்

எல்லாப் பிழையும் ஒன்றல்ல. சுபஹுத் தொழுதுவிட்டுப் போய் கிளினிக் நம்பர் எடுத்து, பகல் பன்னிரண்டு மணி வரை இருந்த பிறகு "இன்றைக்குப் பெரிய டொக்டர் வரவில்லை" என்று அனுப்பி வைப்பது ஒரு வகை. எடுத்த இரத்த ரிப்போட்டைத் தொலைத்துவிட்டு, காரணமும் சொல்லாமல் மீண்டும் ஊசி குத்துவது இன்னொரு வகை. பிரசவ அறையில் வலியில் துடிக்கும் பெண்ணை ஏசுவது, திரை இழுக்காமல் பரிசோதிப்பது, "பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்" என்று கேட்டால் முகம் சுளிப்பது ஆகியவை மூன்றாவது வகை. இவற்றால் உயிர் போவதில்லை. ஆனால் மானம் போனதாக அந்தப் பெண் உணர்கிறாள். அடுத்த முறை வருத்தம் முற்றும் வரை வீட்டிலேயே கிடக்கிறாள். அப்போது அந்தச் சிறு பிழை உயிருக்கும் ஆபத்தாகிவிடுகிறது.

பெரும் பிழை என்பது பிழையான குளிசை, ஆள் மாறிய ஊசி, காலம் தாழ்த்திய சத்திரசிகிச்சை, கவனியாமல் விட்ட இரத்தப்போக்கு போன்றவை. உடல் உறுப்போ உயிரோ போய்விடும் பிழைகள் இவை.

சிறு பிழைக்கு ஈடு செய்வது கடினமே அல்ல. கிளினிக் இல்லாத நாளை முன்கூட்டியே தொலைபேசியில் அறிவிக்கலாம். வீணாக வந்து திரும்பியவருக்கு அடுத்த கிளினிக்கில் முதல் நம்பரைக் கொடுக்கலாம். ஏசிய தாதி அந்தத் தாயின் கட்டிலருகே வந்து, "மன்னித்துக்கொள்ளுங்கள் ராத்தா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று ஒரு சொல் சொல்லலாம். அதோடு நின்றுவிடாமல், அந்த அறைக்கு ஒரு திரை போடலாம். இதற்கு அமைச்சிலிருந்து பணம் வரவேண்டுமா? சுற்றறிக்கை வரவேண்டுமா?

ஏன் வாய் திறப்பதில்லை?

பெரும் பிழையில்தான் எல்லோரும் ஊமையாகிவிடுகிறார்கள். "டொக்டரைக் கேளுங்கள்" என்பார் தாதி. "அத்தியட்சகரைக் கேளுங்கள்" என்பார் டொக்டர். அத்தியட்சகரோ விசாரணை நடக்கிறது என்பார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு அலைவாள்.

இந்த மௌனத்துக்குக் காரணம் பயம்தான். வழக்குப் பயம், வேலை போய்விடும் என்ற பயம், வெளியே கூட்டம் கூடிக் கண்ணாடியை உடைக்கும் என்ற பயம். "மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள்.

சரி, வழக்குப் போட்டால் குடும்பத்துக்கு நீதி கிடைத்துவிடுகிறதா? நம் நாட்டில் மிகவும் பேசப்பட்ட வழக்கு ஒன்றைப் பாருங்கள். 1992 இல் கொழும்பில் மூளையில் கட்டி இருந்த ஒரு சிறு பெண்பிள்ளை இறந்தது. நோயை உரிய நேரத்தில் கண்டுபிடிக்கத் தவறியதாகச் சொல்லி, புகழ்பெற்ற குழந்தை வைத்திய நிபுணர் ஒருவர் மீது தகப்பன் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. கவனக்குறைவு இருந்ததென்றாலும் அதனால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. ஒன்பது வருடங்கள்! தகப்பன் சட்டம் படித்தவர், கொழும்பிலே இருந்தவர். மருதமுனையில் நெசவு செய்து பிழைக்கும் குடும்பமோ சாய்ந்தமருதில் கடலுக்குப் போகும் குடும்பமோ இந்த வழியில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நீதிமன்றம் கடைசிக் கதவாக இருக்கட்டும். அதற்கு முன்னே திறக்க வேண்டிய கதவு வைத்தியசாலையிலேயே இருக்கிறது.

உண்மை சொன்னவர்கள் நொடிந்துபோகவில்லை

"உண்மையைச் சொன்னால் வைத்தியசாலையை இழுத்து மூட வேண்டி வரும்" என்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு உதாரணங்கள்.

கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் முன்னாள் படைவீரருக்கான அரச வைத்தியசாலை ஒன்று உண்டு. இரண்டு வழக்குகளில் தோற்று 15 இலட்சம் டொலருக்கு மேல் இழந்த பின், 1987 இல் அது புது வழி ஒன்றைத் தொடங்கியது. தவறு நடந்ததாகத் தெரிந்தால் நோயாளியையோ குடும்பத்தையோ தாங்களாகவே கூப்பிட்டுச் சொல்வது என்பதே அந்த வழி. ஆரம்பத்தில் ஒரு பெண் இறந்த சம்பவத்தில், தவறு நடந்தது அவருடைய பிள்ளைகளுக்கு அறவே தெரியாது. மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆயினும் வைத்தியசாலை அவர்களை அழைத்து உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஈடும் கொடுத்தது. இந்த முறையின் பல வருடக் கணக்கை டொக்டர் ஸ்டீவ் கிராமனும் அவருடைய துணைவர் ஒருவரும் 1999 இல் வெளியிட்டார்கள். உண்மையைச் சொன்னதால் அந்த வைத்தியசாலை நொடிந்துபோகவில்லை. அதைப் போன்ற மற்ற வைத்தியசாலைகள் கொடுத்த அளவில்தான் அதன் நட்டஈட்டுச் செலவும் இருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியசாலை 2001 இல் இதே வழியில் இறங்கியது. அந்த வருடம் அதன்மீது நிலுவையில் இருந்த நட்டஈட்டுக் கோரிக்கைகள் 262. 2007 இல் அவை 83 ஆகக் குறைந்தன. உண்மையும் மரியாதையும் கிடைத்த பிறகு மக்கள் வழக்குக்குப் போவது குறைகிறது என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்து அதைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று 2006 இல் ஒரு சட்டம் சொன்னது. கடுமையான தீங்கு நேர்ந்தால் நோயாளியிடம் நேரில் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, எழுத்திலும் தரவேண்டும் என்பது 2014 நவம்பரிலிருந்து அங்குள்ள அரச வைத்தியசாலைகளின் கட்டாயக் கடமை. நம் நாட்டுக்கும் இப்படி ஒரு சட்டம் அவசியம் வேண்டும்.

மன்னிப்பு எப்படி இருக்க வேண்டும்?

"உங்களுக்கு ஏதும் மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்." இதை மன்னிப்பு என்பீர்களா? பிழை யாருடையது என்று இதில் இல்லை. என்ன நடந்தது என்றும் இல்லை. "பக்கத்துக் கட்டில் நோயாளியின் மருந்தை உங்கள் உம்மாவுக்குக் கொடுத்துவிட்டோம். பிழை எங்களுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது அவரது பிரஷரை அடிக்கடி அளந்து பார்க்கிறோம்" என்பது மன்னிப்பு.

நல்ல பரிகாரத்தில் ஐந்து காரியங்கள் இருக்க வேண்டும். முதலாவது, தாமதியாமல் சொல்வது. குடும்பம் வேறு வாயால் கேள்விப்படும் முன் வைத்தியசாலையே சொல்லிவிட வேண்டும். எல்லாம் தெரியவராவிட்டால் தெரிந்த அளவைச் சொல்லி, மிச்சத்தை எந்தத் திகதியில் சொல்வோம் என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது, பொறுப்பானவர் நேரில் வந்து, குடும்பத்துக்கு விளங்கும் மொழியில் பேசுவது. அம்பாறைக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றப்பட்ட நோயாளியின் உம்மாவுக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கம் சொல்லி என்ன பயன்? மூன்றாவது, கெட்டுப்போனதைத் திருத்துவது. மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டுமானால் அம்புலன்ஸ், தொடர்ந்து வேண்டிய வைத்தியம், வெளியே காசு கட்டிச் செய்த பரிசோதனைச் செலவு எல்லாம் இதில் அடங்கும். நான்காவது, உழைப்பும் உயிரும் போயிருந்தால் நியாயமான ஈடு. ஐந்தாவது, "இனி இப்படி நடவாமல் இருக்க இன்னதைச் செய்தோம்" என்று சில மாதம் கழித்தாவது அதே குடும்பத்தைக் கூப்பிட்டுக் காட்டுவது. பிள்ளையை இழந்த பெற்றோரில் பலர் மிகவும் விரும்பிக் கேட்பது இந்த ஐந்தாவதைத்தான். "எங்கள் பிள்ளைக்கு நேர்ந்தது இன்னொரு பிள்ளைக்கு நேரக் கூடாது" என்பார்கள்.

நான்கு வருடம் தாமதித்த மன்னிப்பு

இந்த ஐந்தையும் ஓர் அளவுகோலாக வைத்து, நம் எல்லோரையும் சுட்ட ஒரு காரியத்தை அளந்து பார்ப்போம். கொவிட் காலத்து ஜனாஸாக்களைத்தான் சொல்கிறேன். அது ஒரு தனி வைத்தியசாலையின் பிழையல்ல. சுகாதாரத் துறையின் மேலிடத்திலிருந்து வந்த கட்டளை. ஆனால் குடும்பங்கள் அதைச் சந்தித்தது வைத்தியசாலை வாசலில்தானே!

அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. அப்படியிருந்தும் அந்த மாத இறுதியில் முதலாவது ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 ஆந் திகதி வர்த்தமானி மூலம் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. பிறந்து இருபது நாளான பாலகனும் அதற்குத் தப்பவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது. மார்ச் 5 ஆந் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அடுத்த ஒரு வருடம் நாட்டின் எந்த மூலையில் மௌத்தானாலும் அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. 3,600 க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை, அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

மன்னிப்பு வந்தது நல்லதே. அது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். தாமதியாமல் சொன்னார்களா? நான்கு வருடம் சென்றது. நேரில் சொன்னார்களா? அமைச்சரவைத் தீர்மானமாகப் பத்திரிகையில் வந்தது. ஜனாஸாவைப் பறிகொடுத்த உம்மாவின் வீட்டு வாசலுக்கு அது வரவில்லை. திருத்த முடிந்ததா? எரிந்ததை யாரால் திருத்த முடியும்! திருத்த முடியாத இடத்தில், யார் எந்த ஆதாரத்தைக் கொண்டு அந்த முடிவை எடுத்தார்கள் என்ற முழு உண்மையாவது அந்தக் குடும்பங்களுக்குச் சேரவேண்டும். மன்னிப்புக் கேட்டதோடு அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

நம்மிடமே உள்ள நல்ல வழி

நம் நாட்டுச் சுகாதாரத் துறைக்குத் தவறிலிருந்து பாடம் படிக்கத் தெரியாது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1930களின் கடைசியில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010களில் அந்த எண்ணிக்கை முப்பதை ஒட்டி வந்துவிட்டது. இதற்குக் காரணங்கள் பல: வீடு தேடி வரும் மருத்துவமாது, வைத்தியசாலைப் பிரசவம், இரத்த வங்கி, பெண் கல்வி. அவற்றோடு இன்னொன்றும் உண்டு. 1980களிலிருந்து ஒவ்வொரு தாயின் மரணமும் அறிவிக்கப்பட்டு, வைத்தியசாலையிலும் வீட்டுப் பக்கத்திலும் விசாரிக்கப்பட்டு, குடும்ப சுகாதாரப் பணியகத்தின் மட்டத்தில் ஆராயப்படுகிறது. யாரைத் தண்டிப்பது என்பதல்ல அங்கே கேள்வி. எந்த இடத்தில் தாமதம் வந்தது, அடுத்த தாயை எப்படிக் காப்பாற்றுவது என்பதே கேள்வி. பழி வராது என்று தெரிந்தால்தானே ஊழியரும் உண்மை பேசுவார்!

இதில் ஒரு குறை உண்டு. அந்த விசாரணை வைத்தியத்துறை படிப்பதற்காக நடப்பது. குடும்பத்துக்குப் பதில் சொல்வதற்காக அல்ல. துறை படித்த பாடத்தில், "உங்கள் மகளுக்கு நடந்தது இதுதான்" என்ற அளவையாவது அவளுடைய உம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் சொன்னால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

கத்ரும் கேள்வியும்

மௌத்தான வீட்டில் நாம் சொல்லும் முதல் வார்த்தை, "அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருங்கள்" என்பது. அது ஈமானின் வார்த்தை. ஆனால் அதே வார்த்தையைக் கொண்டு கேள்வி கேட்பவளின் வாயை அடைப்பது சரியல்ல. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அந்தக் குடும்பத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றும், குடும்பம் விரும்பினால் அதை விட்டுக்கொடுக்கலாம் என்றும் நம் மார்க்கமே சொல்லியிருக்கிறது. வைத்தியம் தெரியாமல் வைத்தியம் பார்த்தவர் அதற்குப் பொறுப்பாளி என்றும் நபிமொழி உண்டு. கத்ரை நம்பும் சமுதாயத்துக்குத்தான் இவை சொல்லப்பட்டன. அடியானுக்குச் செய்த தவறுக்கு அந்த அடியானிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் நாம் சிறு வயதில் ஓதப் போன இடத்தில் படித்ததுதான். மன்னிப்பது உங்கள் உரிமை. ஆனால் யாரும் வந்து கேட்காத மன்னிப்பை எப்படிக் கொடுப்பது?

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். கிளினிக் கொப்பி, டிக்கட் வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் காட், மருந்துத் துண்டு, ரிப்போட்டுகள், வெளியே வாங்கிய மருந்தின் பில் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யார் வந்தார், என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஓ.எல். படிக்கும் மகள் இருந்தால் அவளிடம் கொடுங்கள், அழகாக எழுதுவாள்.

கேட்கப் போகும்போது பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அமைதியாகப் பேசத் தெரிந்த ஒருவர் துணைக்கு வந்தால் போதும். முதலில் வாட்டுப் பொறுப்புத் தாதியிடமும் டொக்டரிடமும் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வைத்திய அத்தியட்சகருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். அதற்கு மேலே கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரும் சுகாதார அமைச்சும் இருக்கின்றன. டொக்டரின் நடத்தை பற்றிய முறைப்பாடு இலங்கை மருத்துவ சபைக்கும், தனியார் வைத்தியசாலை பற்றியது தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும் போகும். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறுவது உங்களுக்கு அரசியலமைப்பு தந்த உரிமை.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. அரச வைத்தியசாலையிடம் உங்கள் சொந்த வைத்தியப் பதிவை இதன்கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணித்தியாலம். மற்றவருக்காகக் கேட்பதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

காலக்கெடுவையும் மறவாதீர்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அது விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே உண்டு. நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடம். இத்தா முடியட்டும், நாற்பதாம் நாள் கழியட்டும் என்று இருந்துவிட்டு, பிறகு வருந்திப் பயனில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. எங்கள் ஊர்களில் பல வீடுகளில் மகள் தாதி, மருமகள் டொக்டர், மகன் மருந்தாளர். அவர்கள் வேலை முடிந்து களைத்து வரும்போது, "இன்று ஏதும் பிழை நடந்ததா மகள்? அந்த ஆட்களிடம் சொன்னீர்களா?" என்று உம்மாமார் கேட்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டு வந்த பிள்ளைக்கு, "நல்ல காரியம் செய்தாய்" என்று தைரியமும் கொடுக்க வேண்டும். அத்தியட்சகரின் சுற்றறிக்கையை விட உம்மாவின் கேள்விக்கு வலிமை அதிகம்.